காட்டைக் காக்கக் கணக்குப் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எந்தக் காட்டுக்கு, எந்த உயிரினத்துக்குப் பணம் ஒதுக்குவது என்று கணக்குப் போட்டுப் பார்க்கும் இளைஞர்களின் அட்டவணைகள் அடிக்கடி என்னிடம் வருகின்றன. அதே பழைய தவறுகள்தான். பாதி நானும் ஒரு காலத்தில் செய்தவை. எக்ஸெல் சூத்திரம் தப்பாவது, ஏக்கரும் ஹெக்டேரும் கலப்பது போன்றவற்றை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். அவை இங்கே வேண்டாம்.

இனங்களை எண்ணி இடங்களை வரிசைப்படுத்துவது

ஒரு சோலையில் 10 அரிய இனங்கள், இரண்டாவதில் 9, மூன்றாவதில் 3. இரண்டு இடங்களுக்குத்தான் பணம் இருக்கிறது. முதல் இரண்டைத்தான் கை தேடும். அந்த 9-ம் முதல் சோலையிலேயே இருப்பவை என்றால் மொத்தம் கிடைப்பது 10 தான். மூன்றாவதில் உள்ள 3-ம் அங்கே மட்டுமே இருப்பவை என்றால், முதலாவதையும் மூன்றாவதையும் எடுத்தால் 13.

ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் கடற்பூங்காவை 2004-ல் புதிதாக மண்டலம் பிரித்தபோது, 70 உயிர்ச்சூழல் பகுதிகளாக வகுத்து ஒவ்வொன்றிலும் குறைந்தது 20 சதவீதத்தைக் காக்க வேண்டும் என்று வைத்தது, ஒரே வகை இடங்களே திரும்பத் திரும்ப வராமல் இருக்கத்தான். மீன்பிடி அறவே கூடாத பரப்பு 5 சதவீதத்துக்கும் கீழே இருந்து சுமார் 33 சதவீதமானது.

செலவையும் ஒரு மதிப்பெண்ணாக்கிக் கூட்டுவது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. ஒரு பயிற்சியில், காட்டை ஆக்கிரமிக்கும் உண்ணிச்செடி (லான்டானா) என்ற களையை அகற்றும் திட்டங்களை ஒரு குழு வரிசைப்படுத்திக் காட்டியது. பயனுக்குப் பத்துக்கு மதிப்பெண், மலிவுக்குப் பத்துக்கு மதிப்பெண். பயனுக்கு 80 சதவீதம், மலிவுக்கு 20 சதவீதம். முதல் திட்டத்தின் பயன் 10, செலவு 1 கோடி; அதனால் மலிவு 0. கூட்டினால் 8. இரண்டாவதன் பயன் 6, செலவு 5 லட்சம், மலிவு 10. கூட்டினால் 6.8. முதல் திட்டம் ஜெயித்தது.

“அதென்ன 20 சதவீதம்?” என்று கேட்டேன். “செலவையும் கொஞ்சம் பார்க்கணும்ல சார்” என்றார் ஒருவர்.

சரி, வகுத்துப் பாருங்கள். ஒரு லட்ச ரூபாய்க்கு முதல் திட்டம் தருவது 0.1, இரண்டாவது தருவது 1.2. பன்னிரண்டு மடங்கு! இரண்டாவதைப் போன்றவை கைவசம் இருந்தால் அதே கோடியில் 20 திட்டங்களை முடிக்கலாம். கூட்டல் அதை மறைத்துவிட்டது. பணம் தீர்ந்துபோகும் பொருள். ஓரிடத்தில் போட்டால் இன்னோரிடத்துக்கு இல்லை. அதனால் அது வகுத்தியாகத்தான் வர வேண்டும்.

வெற்றி வாய்ப்பையும் இப்படியே கூட்டிவிடுகிறார்கள். நடக்கவே வாய்ப்பில்லாத திட்டம்கூட மற்ற மதிப்பெண்களின் தயவில் மேலே ஏறிவிடும். பெருக்கினால் பூஜ்யத்தில் நிற்கும். நியூசிலாந்தின் அருகிவரும் இனங்களில் 32-ஐ எடுத்துக்கொண்டு 2009-ல் வெளியான ஆய்வு, இனத்தின் முக்கியத்துவத்தைப் பயனாலும் வெற்றி வாய்ப்பாலும் பெருக்கிச் செலவால் வகுத்தது. செலவைக் கணக்கில் எடுத்ததும் அதே பணத்தில் கூடுதல் இனங்களைக் கவனிக்க முடிந்தது.

ஒரு எச்சரிக்கை. பத்துக்கு எட்டு என்று குத்துமதிப்பாகப் போட்ட எண்ணை வகுப்பதிலும் அர்த்தமில்லை. மீளும் ஹெக்டேர், இனம் பிழைக்கும் வாய்ப்பு எவ்வளவு கூடும் என்று நிஜமான அளவாகப் பயனை எழுதுங்கள். அப்புறம், “உயிருக்கு விலை வைப்பதா?” என்று யாராவது கோபப்படுவார்கள். இங்கே விலை போடுவது களை பிடுங்குபவரின் கூலிக்கும் வண்டி வாடகைக்கும்தான்.

களையெடுப்புக்கு முதல் வருடச் செலவை மட்டும் போடுவது

உண்ணிச்செடி மறுபடி முளைக்கும். அடுத்தடுத்த வருடங்களையும் சேர்த்துப் போடுங்கள்.

இன்னும் கொஞ்சம் தரவு வரட்டும் என்று காத்திருப்பது

ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கிறிஸ்துமஸ் தீவின் சிறு வௌவால் குறைந்துவருவது 1990-களிலேயே தெரியும். பிடித்து வளர்க்கலாம் என்று ஆஸ்திரேலிய அரசு ஒப்புக்கொண்டது 2009 நடுவில். போனவர்களால் ஒன்றைக்கூடப் பிடிக்க முடியவில்லை. அதன் ஒலி கடைசியாகப் பதிவானது அதே ஆண்டு ஆகஸ்ட் 26. காத்திருப்பதற்கும் செலவுண்டு, அட்டவணையில் அதற்கும் ஒரு வரி வேண்டும்.

மார்க்சான் தந்த வரைபடத்தைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வது

எந்த இடங்களைக் காப்பது என்று தேர்வு செய்து தரும் மென்பொருள் மார்க்சான். அதை நூறு முறை ஓட்டினால், ஏறக்குறைய சமமான பல விடைகள் வரும். அதில் ஒன்றை மட்டும் வண்ணமடித்து மீனவர்கள் முன் விரித்தால் சண்டைதான் மிஞ்சும். பெரும்பாலான ஓட்டங்களில் திரும்பத் திரும்ப வரும் வரைபடக் கட்டங்களை விட்டுக்கொடுக்காதீர்கள். மற்றவற்றில் பேசிப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம்.