ரேடியேட்டர் ஒழுகுகிறதா? முதலில் ஓட்டையைத் தேடுங்கள்

தை மாதக் கடைசியில் ஒருநாள் தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடிக்கு மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். வடுவூர் ஏரியைத் தாண்டும்போது மீட்டரில் வெப்ப விளக்கு சிவப்பாக எரிந்தது. வண்டியை ஓரம் கட்டிக் குனிந்து பார்த்தால், ரேடியேட்டரின் கீழ் மூலையிலிருந்து பச்சையாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அறுவடைக் காலம். வழியெல்லாம் சாலையில் பரப்பியிருந்த வைக்கோல் மீது ஏறித்தான் வந்திருந்தேன். ரேடியேட்டரின் முகம் முழுக்க நெற்சுணையும் தூசியும் அப்பிக் கிடந்தன.

ரேடியேட்டரே போய்விட்டது என்று நானாக முடிவு கட்டிக்கொண்டு, புதியது வாங்கப் பணம் புரட்டத் தொடங்கினேன். பழையதைக் கழற்றித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தபோது அதிலிருந்து ஒரு குமிழிகூட வரவில்லை. ஒழுகியது, கீழ் ரப்பர் குழாயை இறுக்கிப் பிடித்திருக்க வேண்டிய கிளிப். அதன் பிறகு நண்பர்களுக்காக இன்னும் சில வண்டிகளைக் கழற்றியிருக்கிறேன். என்னுடையதையும் சேர்த்து மொத்தம் ஐந்து. அவற்றில் இரண்டில்தான் ஓட்டை ரேடியேட்டரில் இருந்தது. அதனால் இந்த விளக்கத்தில் அடைப்பதைவிடத் தேடுவதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

உங்கள் வண்டியில் ரேடியேட்டர் இருக்கிறதா?

ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டிகள் காற்றிலேயே குளிர்பவை. அவற்றில் ரேடியேட்டர் கிடையாது. 2008இல் வந்த யமஹா ஆர்15, 2012இல் வந்த கேடிஎம் டியூக் 200, அதே ஆண்டின் பல்சர் என்எஸ்200 போன்றவை திரவத்தால் குளிர்பவை. முன்சக்கரத்துக்குப் பின்னால், எஞ்சினுக்கு முன்னால், தேன்கூடு போன்ற அலுமினியப் பலகை தெரிந்தால் அதுதான் ரேடியேட்டர்.

அது வேலை செய்யும் விதத்தை வீட்டுக் குக்கரோடு ஒப்பிட்டால் எளிதில் புரியும். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். மூடி வைத்து அழுத்தினால் கொதிநிலை ஏறும். ரேடியேட்டர் மூடியின் மேல் பெரும்பாலும் 1.1 என்றோ 108 என்றோ பொறித்திருக்கும். அந்த அளவு அழுத்தம் வரும்வரை மூடியில் உள்ள ஸ்பிரிங் உள்ளே இருப்பதை வெளியே விடாது. அப்போது வெறும் தண்ணீரே சுமார் 120 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். கூலன்ட் என்னும் குளிர்விக்கும் திரவத்தைக் கலந்தால் இன்னும் சில டிகிரி கூடும். குக்கர் வெயிட்டும் ஏறக்குறைய இதே அழுத்தத்தைத்தான் பிடித்து வைக்கிறது.

கொதிக்கும் குக்கரை யாரும் திறப்பதில்லை. சூடான ரேடியேட்டரின் மூடியையும் திறக்கக் கூடாது. எஞ்சினைக் கையால் தொட முடிகிற அளவுக்கு ஆறும்வரை, குறைந்தது ஒரு மணி நேரம், காத்திருங்கள். ஆறிய பிறகும் ஒரு பழைய துணியை மூடிமேல் போட்டுப் பாதி மட்டும் திருப்புங்கள். சீறல் அடங்கிய பிறகு முழுதாகத் திறங்கள். முகம் வெந்து போனவர்களைப் பார்த்திருப்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

முதல் படி: கழற்றும் முன் கண்ணால் தேடுவது

வண்டியைக் கழுவி நன்றாக உலர விடுங்கள். அடியில் செய்தித்தாளை விரித்து இரவு முழுக்க நிறுத்துங்கள். காலையில் தாளில் எங்கே கறை இருக்கிறதோ, அதற்கு நேர் மேலே டார்ச் அடித்துப் பாருங்கள். கூலன்ட் காய்ந்த இடத்தில் உப்புப் பூத்தாற்போல் வெள்ளையாகவோ பச்சையாகவோ படிந்திருக்கும். சொட்டு நின்ற பிறகும் அந்தப் படிவு ஓட்டையைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் ஓடும் காற்றில் திரவம் பின்பக்கமாகச் சிதறும். ஈரம் தெரியும் இடமே ஓட்டை என்று எண்ணிவிடாமல், ஈரத்தின் மேல் விளிம்பைத் தேடிப் போங்கள்.

நான் பார்க்கும் வரிசை இது. முதலில் ரப்பர் குழாய்களின் இரு முனைகள். கிளிப்பை ஒட்டி விரலால் தடவினால் பிசுபிசுக்கும். குழாயை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான், ஒட்டிப் பயனில்லை. அடுத்து மூடி. குக்கரின் கேஸ்கட் போலவே மூடிக்குள்ளும் ரப்பர் வளையம் உண்டு. அது இறுகிக் கல்லாகிவிட்டாலோ, ஸ்பிரிங் தளர்ந்துவிட்டாலோ கூலன்ட், ரிசர்வ் டேங்க் என்னும் பக்கத்துச் சிறு தொட்டிக்குப் போய் வழிந்து கீழே கொட்டும். பார்ப்பவருக்கு ரேடியேட்டர் ஒழுகுவது போலவே இருக்கும்.

மூன்றாவது, கூலன்ட்டைச் சுற்றி ஓட வைக்கும் வாட்டர் பம்ப். அதன் அடியில் பென்சில் முனை அளவுக்கு ஒரு சிறு துளை இருக்கும். அங்கிருந்து கூலன்ட் சொட்டினால் பம்பின் உள்ளே இருக்கும் சீல் தேய்ந்துவிட்டது என்று பொருள். அந்தத் துளை, சீல் போனதை நமக்குத் தெரிவிப்பதற்காகவே வைக்கப்பட்டது. ஒருவர் அதில் பசை வைத்து அடைத்திருந்ததை நான் பார்த்தேன். அப்படி அடைத்தால் கூலன்ட் எஞ்சின் எண்ணெய்க்குள் இறங்கப் பார்க்கும். ஒருபோதும் அடைக்காதீர்கள்.

வெளியே எங்கும் ஈரமே இல்லை, ஆனாலும் அளவு குறைகிறது, எஞ்சின் எண்ணெய் பால் கலந்த தேநீர் போல் இருக்கிறது அல்லது எஞ்சின் சூடான பிறகும் புகைக்குழாயில் வெண்புகை விடாமல் வருகிறது என்றால் ஹெட் கேஸ்கட்டை, அதாவது எஞ்சினின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகட்டைச் சந்தேகிக்க வேண்டும். அது தொடக்கநிலை வேலை அல்ல. வண்டியை ஓட்டாமல் தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

இரண்டாம் படி: வடிப்பதும் கழற்றுவதும்

பம்பின் அடிப்பக்கம் வடிகால் போல்ட் இருக்கும். அகலமான பாத்திரத்தை வைத்து அதைக் கழற்றுங்கள். மேலே மூடியைத் திறந்தால் வேகமாக வடியும். போல்ட்டோடு வரும் வாஷரைத் தனியே எடுத்து வையுங்கள். மாட்டும்போது புதியது போடுவது நல்லது.

வடித்த கூலன்ட்டை வாய்க்காலில் ஊற்றாதீர்கள். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும். நாயும் மாடும் விரும்பிக் குடித்துவிடும். குடித்தால் சிறுநீரகம் செயலிழக்கும். நம் ஊர் வாய்க்காலில் ஊற்றினால் அது யாரோ ஒருவரின் குறுவை வயலுக்கோ மாட்டுத் தொட்டிக்கோதான் போய்ச் சேரும். மூடி போட்ட கேனில் நிரப்பி, மேலே எழுதி ஒட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்துச் சர்வீஸ் நிலையத்தில் கொடுத்துவிடுங்கள்.

பிறகு மின்விசிறியின் இணைப்பு, ரப்பர் குழாய்கள், இரண்டு மூன்று போல்ட்டுகள் என்று வரிசையாகக் கழற்றினால் ரேடியேட்டர் கையோடு வந்துவிடும். ஒவ்வொரு கட்டத்தையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குழாய் ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள். குழாய் மாட்டியிருக்கும் அலுமினிய வாய் வளைந்துவிடும். லேசாக முறுக்கினால் விட்டுக்கொடுக்கும்.

மூன்றாம் படி: கழுவுவது

சேற்றையும் சுணையையும் எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் விட்டுத் தள்ளுங்கள். முன்பக்கமிருந்து அடித்தால் அழுக்கு இன்னும் உள்ளே போய்ச் சிக்கும். தோட்டத்துக் குழாயின் வேகம் போதும். வாட்டர் சர்வீஸ் கடையின் அழுத்தத்தில் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். களிமண் இறுகியிருந்தால் ஒரு மணி நேரம் ஊற வையுங்கள். பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் தகடுகளின் போக்கிலேயே தேய்க்கலாம்.

நான்காம் படி: தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பது

சைக்கிள் கடையில் பஞ்சர் பார்ப்பது போலத்தான். மேல் வாயில் ஒரு துண்டு ரப்பர் குழாயை மாட்டி, அதற்குள் சரியான பருமனுள்ள போல்ட்டைச் செருகிக் கிளிப்பால் இறுக்குங்கள். கீழ் வாயின் குழாய்த் துண்டில், பழைய டியூபிலிருந்து வெட்டிய வால்வை இறுக்கிப் பொருத்துங்கள். ரேடியேட்டர் மூடியை மாட்டி, அளவுமானி உள்ள கைப்பம்பால் காற்றடியுங்கள். 12 பிஎஸ்ஐ போதும். பஞ்சர் கடை கம்ப்ரசரைப் பயன்படுத்தாதீர்கள். அதன் அழுத்தம் பல மடங்கு. ஒரு நொடியில் ரேடியேட்டர் வயிறு உப்பிவிடும்.

பெரிய அண்டாவில் தண்ணீர் நிரப்பி மெதுவாக அமுக்குங்கள். தகடுகளுக்கிடையே சிக்கிய காற்று முதலில் கொத்தாக வரும். அதைப் பார்த்து ஏமாறாமல் ஒரு நிமிடம் பொறுங்கள். அது அடங்கிய பிறகு, ஒரே இடத்திலிருந்து மணி கோத்ததுபோல் வரிசையாகக் குமிழி ஏறினால் அதுதான் ஓட்டை. வெளியே எடுத்துத் துடைத்து, மார்க்கர் பேனாவால் வட்டம் போடுங்கள். ரிசர்வ் டேங்குக்குப் போகும் மெல்லிய முனையில் குமிழி வந்தால் மூடியை மாற்றினாலே போதும், 1.1 என்பது சுமார் 16 பிஎஸ்ஐ, அப்படிப் பொறித்த நல்ல மூடி 12 பிஎஸ்ஐக்கு வழிவிடாது.

ஐந்தாம் படி: அடைப்பது

லாரிக்காரர்கள் வழியில் மாட்டிக்கொண்டால் மஞ்சள்தூள் போடுவார்கள். கடையில் கசிவு நிறுத்தும் பொடியும் கிடைக்கிறது. ஆனால் மோட்டார் சைக்கிள் ரேடியேட்டருக்குள் கூலன்ட் ஓடும் குழல்கள் மிகக் குறுகலானவை. ஓட்டையை அடைக்கும் அதே பொடி குழலையும், எஞ்சின் சூடேறியதும் கூலன்ட்டுக்கு வழிதிறக்கும் தெர்மோஸ்டாட்டையும் அடைத்துவிடும். என் வண்டியில் அதைப் போட மாட்டேன், உங்களுக்கும் சொல்ல மாட்டேன்.

நண்பர் ஒருவரின் ரேடியேட்டரில் சரளைக்கல் தெறித்து, குழல்கள் போய்ச் சேரும் பக்கத் தொட்டியில் துளை விழுந்திருந்தது. டிராக்டர் ரேடியேட்டருக்கு ஈயப்பற்று வைக்கும் பெரியவர் ஒருவரிடம் எடுத்துப் போனேன். கையில் வாங்கியதுமே சொல்லிவிட்டார்.

"தம்பி, இதில் ஈயம் நிற்காது."

"டிராக்டருக்கு நிற்கிறதே ஐயா?"

அவர் பதில் சொல்லாமல் கத்தி முனையால் பக்கத்தில் கிடந்த டிராக்டர் ரேடியேட்டரில் ஒரு கீறு கீறினார். கரிக்குக் கீழே பொன்னிறக் கோடு மின்னியது. பிறகு நாங்கள் கொண்டுபோனதன் ஓரத்தில் கீறினார். வெள்ளைக் கோடு.

"அது பித்தளை. இது அலுமினியம். ஆர்கான் வைக்கிற இடத்துக்குக் கொண்டுபோங்கள்."

அவர் சொன்னதன் காரணத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. அலுமினியத்தின் மேல் காற்றுப் பட்ட உடனேயே கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் உருவாகிவிடும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அந்தப் படலம் உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். ஈயம் அதன்மேல் ஒட்டாமல் உருண்டு ஓடுவது அதனால்தான். ஆர்கான் வெல்டிங்கில் மின்பொறி படலத்தை உடைக்கிறது. ஆர்கான் வாயு, புதுப் படலம் உருவாகாமல் காற்றை விலக்கி வைக்கிறது. பக்கத் தொட்டி, வாய், பிடிமானக் காது ஆகியவற்றில் விழுந்த ஓட்டைக்கு இதுவே நிலையான வழி. பக்கத் தொட்டி பிளாஸ்டிக்காக இருந்து வெடித்திருந்தால் மாற்றுவதுதான் வழி.

ஊசிமுனை அளவு ஓட்டைக்கு, உலோகத்துக்கென்றே விற்கும், வெப்பம் தாங்கும் இரட்டை டியூப் எபாக்ஸிப் பசையை வீட்டிலேயே வைக்கலாம். வீட்டுக் குழாய்க்கு வைக்கும் சாதாரண பசை வேண்டாம். ஓட்டையைச் சுற்றி ஒரு ரூபாய் நாணய அகலத்துக்குப் பெயின்ட்டைச் சுரண்டுங்கள். 80 எண் உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேயுங்கள். அசிட்டோனால் துடைத்த பிறகு விரல் படக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பசையே ஒட்டலைக் கெடுக்கும். இரண்டையும் சம அளவில் ஒரே நிறம் வரும்வரை குழைத்து, முதலில் மெல்லியதாக ஓட்டைக்குள் அழுத்தித் தேய்த்து, அதன் மேல் தடிமனாகப் பூசுங்கள். 24 மணி நேரம் தொடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இன்னும் அரை நாள் கூடக் கொடுங்கள்.

நடுவில் உள்ள குழலிலேயே கீறல் என்றால், அந்த ஒரு குழலை இரு பக்கமும் நசுக்கி எபாக்ஸியால் மூடிவிடலாம். ஒரு குழல் போனால் வண்டி சமாளிக்கும். மூன்று நான்கு போயிருந்தால் புதிய ரேடியேட்டருக்குப் பணம் சேர்ப்பதே சரி.

எதைச் செய்திருந்தாலும் மறுபடி அண்டாவில் அமுக்கிப் பார்க்காமல் மாட்டாதீர்கள்.

ஆறாம் படி: மாட்டி, நிரப்பி, காற்றை வெளியேற்றுவது

கழற்றிய வரிசையைத் தலைகீழாகச் செய்யுங்கள். கிளிப்புகளை எல்லாம் புதிதாகவே போடுங்கள். அவற்றின் விலை ஒரு பொருட்டே அல்ல.

உள்ளே எந்தத் தண்ணீர் ஊற்றுகிறோம் என்பது நம் பகுதியில் முக்கியம். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பு. மற்ற ஊர்களிலும் போர் தண்ணீர் காய்ந்த குடத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே படிவு குறுகலான குழல்களிலும் படியும். உப்பு அலுமினியத்தை அரிக்கும். கலந்து விற்கும் கூலன்ட்டாக இருந்தால் அப்படியே ஊற்றுங்கள். செறிவானது என்றால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி கலக்கலாம். பச்சையோடு சிவப்பைக் கலக்காதீர்கள். ஒரே நிறமாக இருந்தாலும் ஒரே தரம் என்று நம்பாமல், வண்டியின் கையேடு சொல்வதையே வாங்குங்கள். சிறிய வண்டிகளுக்குப் பெரும்பாலும் ஒரு லிட்டரை ஒட்டித்தான் தேவைப்படும்.

மெதுவாக ஊற்றுங்கள். இடையிடையே ரப்பர் குழாய்களைக் கையால் அமுக்கி விட்டால் காற்று மேலே வரும். காற்று வெளியேற்றும் திருகு உள்ள வண்டிகளில் அதைத் தளர்த்தி, குமிழியில்லாமல் கூலன்ட் வந்ததும் இறுக்குங்கள். பிறகு மூடியைத் திறந்து வைத்தபடியே எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு, முகத்தைத் தள்ளி வைத்துப் பாருங்கள். சில நிமிடங்களில் தெர்மோஸ்டாட் திறக்கும். கூலன்ட் திடீரென்று இறங்கும். மீண்டும் நிரப்பி, மூடியை இறுக்குங்கள். ரிசர்வ் டேங்கை மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையில் நிரப்புங்கள்.

ஊருக்குள்ளேயே ஐந்து கிலோமீட்டர் ஓட்டுங்கள். மின்விசிறி சுழல்கிறதா என்று கவனியுங்கள். இரவு முழுக்க ஆறவிட்டுக் காலையில் மூடியைத் திறந்து, குறைந்திருந்தால் நிரப்புங்கள். உள்ளே ஒளிந்திருந்த காற்று வெளியேறியதால் முதல் நாள் சற்றுக் குறைவது இயல்பு. அன்று ரிசர்வ் டேங்கில் அளவு நிற்கும் இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, தேதியும் எழுதி வையுங்கள். ஒரு வாரம் தினமும் காலையில், எஞ்சினைக் கிளப்பும் முன்பு, அந்தக் கோட்டைப் பாருங்கள். கூலன்ட் அங்கேயே நின்றால் ஓட்டை அடைபட்டுவிட்டது.