இரட்டை கார்புரேட்டரைச் சரிசெய்தல்: ஆர்டி 350 வைத்திருப்போருக்கு

1983-இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் இந்தியாவில் தயாரிக்கத் தொடங்கிய ராஜ்தூத் 350 (யமஹா ஆர்டி 350-இன் இந்திய வடிவம்) வண்டியில் 347 சிசி கொள்ளளவுள்ள இரண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் இருக்கிறது. சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு கார்புரேட்டர்கள் உண்டு. ஒற்றைக் கார்புரேட்டர் வண்டியில் பழகியவர்கள் இதைக் கையில் எடுக்கும்போது ஜெட்டைப் (பெட்ரோலின் அளவைத் தீர்மானிக்கும் துளையுள்ள பித்தளைத் துண்டு) பற்றியே கவலைப்படுகிறார்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது, ஆக்சிலேட்டரைத் திருகும்போது கார்புரேட்டரின் வாயைத் திறக்கும் ஸ்லைடுகள் இரண்டும் ஒரே கணத்தில் மேலெழுகின்றனவா என்பதைத்தான். இதை நான் தாமதமாகவே கற்றுக்கொண்டேன்.

என் வண்டி ஐடிலிங்கில் அருமையாக நின்றது. ஆனால் ஆக்சிலேட்டரைத் திருகத் தொடங்கும் இடத்தில் மட்டும் ஒரு தயக்கமும் நடுக்கமும் இருந்தன. பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தபோது வலப்பக்கத்துப் பிளக் செங்கல் நிறத்திலும், இடப்பக்கத்துப் பிளக் கறுத்து ஈரமாகவும் இருந்தன. இடப்பக்கம் பெட்ரோல் அதிகமாகப் போகிறது என்று முடிவுசெய்து, அதைக் குறைக்க அந்தப் பக்கத்து நீடிலின் (ஸ்லைடில் தொங்கும் ஊசி) கிளிப்பை இரண்டு பள்ளம் மேலே ஏற்றினேன். மேட்டுப்பாளையம் சாலையில் காரமடையை நெருங்கும்போது கலவையில் பெட்ரோல் குறைந்துபோனதால் இடது பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொண்டு பின்சக்கரம் ஒரு கணம் பூட்டிக்கொண்டது. கிளட்சை அழுத்தியதால் விழாமல் தப்பினேன். பிற்பாடு அளந்து பார்த்தபோது, இடது கேபிள் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தளர்ந்திருந்ததால் அந்த ஸ்லைடு தாமதமாக எழுந்ததும், கோளாறு ஜெட்டிலோ நீடிலிலோ இல்லாததும் தெரிந்தன.

கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்வதை நீங்கள் அறிந்திருப்பீர்கள் என்பதால் அதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். இடது, வலது என்று ஸ்லைடுகளிலும் கார்புரேட்டர் உடல்களிலும் அடையாளமிட்டுக்கொள்ளுங்கள். ஒன்று மற்றொன்றின் பக்கத்துக்கு மாறக் கூடாது. ஸ்லைடின் அடியில் சாய்வாக வெட்டப்பட்ட பகுதி காற்று வடிகட்டியின் பக்கம் நோக்கியிருக்க வேண்டும். மிதவையின் உயரம் இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று வெர்னியரால் அளந்துகொள்ளுங்கள். ஸ்லோ ஜெட்டின் (ஐடிலிங்குக்கான சிறிய ஜெட்) துளையில் கம்பியை நுழைக்காதீர்கள். பித்தளையில் விழும் மெல்லிய கீறலே துளையின் அளவை மாற்றிவிடும். நான் மெல்லிய தூண்டில் நரம்பையும் அழுத்தக் காற்றையும் மட்டுமே பயன்படுத்துகிறேன். இந்த மிக்கூனி கார்புரேட்டர்களின் திருகுகள் ஜப்பானிய அளவுமுறையைச் சேர்ந்தவை என்பதால், சாதாரண நட்சத்திர ஸ்குரூடிரைவர் அவற்றின் தலையை அரைத்துவிடும். இந்த ஒரு கருவிக்காவது பணம் செலவிடுங்கள். ஜேஐஎஸ் (அந்த ஜப்பானிய அளவுமுறை) முனையுள்ள ஒன்றை வாங்கிய பிறகு ஒரு திருகும் எனக்குக் கெடவில்லை.

இனி முக்கியமான படி. காற்று வடிகட்டியையும் அதன் ரப்பர் குழாய்களையும் அகற்றி, இரண்டு கார்புரேட்டர்களின் வாயும் கண்ணுக்குத் தெரியும்படி செய்யுங்கள். ஐடில் திருகுகள் இரண்டையும் ஸ்லைடைத் தொடாத அளவுக்கு வெளியே திருப்பிவிடுங்கள். பலரும் தவறவிடுவது இந்த இடத்தைத்தான்; ஸ்லைடு திருகின் மேல் உட்கார்ந்திருக்கும்வரை கேபிளின் தளர்ச்சி கைக்குத் தெரியாது. பிறகு ஒரே அளவுள்ள, 3 மில்லிமீட்டர் டிரில் பிட்டுகள் இரண்டை எடுத்து, ஆக்சிலேட்டரைச் சற்றுத் திருகிப் பிடித்தபடி, அவற்றின் வழவழப்பான அடிப்பகுதியை ஸ்லைடுகளின் கீழே வைத்து, ஆக்சிலேட்டரை விட்டுவிடுங்கள். ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் இரண்டும் நகராமல் நிற்கும். அவை உள்ளே விழுந்துவிடாதிருக்க வெளிமுனையில் ஒரு நூலைக் கட்டிவைப்பது என் வழக்கம்.

இப்போது ஆக்சிலேட்டரை மயிரிழை மயிரிழையாகத் திருகுங்கள். இரண்டு பிட்டுகளும் ஒரே நேரத்தில் தளர்ந்து சாய்ந்தால் கேபிள்கள் சமமாக இருக்கின்றன என்று பொருள். ஒன்று முந்தினால், பிந்துகிற பக்கத்துக் கார்புரேட்டரின் தலையிலுள்ள அட்ஜஸ்டரைக் கால் சுற்று வெளியே திருப்பி மீண்டும் சோதியுங்கள். எனக்கு முதல்முறை இதற்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. லாக் நட்டை இறுக்கும்போது அட்ஜஸ்டரும் கூடவே திரும்பிவிடும் என்பதால், இறுக்கிய பிறகும் ஒரு முறை சோதிப்பது அவசியம். வாக்குவம் கேஜ் (எஞ்சின் உறிஞ்சும் அழுத்தத்தைக் காட்டும் முள் கருவி) வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு, இந்த வண்டிக்கு வேண்டாம் என்பதே என் பதில். டூ ஸ்ட்ரோக்கில் முள் துடித்துக்கொண்டே இருப்பதால், இரண்டு டிரில் பிட்டுகள் தரும் தெளிவை அது தருவதில்லை.

எஞ்சினுக்கு ஆயில் செலுத்தும் ஆட்டோலூப் பம்பின் கேபிளும் அதே ஆக்சிலேட்டரிலிருந்துதான் போகிறது. கார்புரேட்டர் கேபிளைத் தொட்டவர்கள் பம்பின் அடையாளக் கோட்டையும் கையேட்டின்படி சரிபார்த்தே ஆக வேண்டும். ஆயில் குறைந்தால் பிஸ்டன் பிழைக்காது.

அடுத்து, பிட்டுகளை எடுத்துவிட்டு, ஐடில் திருகுகளை இரண்டு ஸ்லைடுகளும் ஒரே உயரத்தில் நிற்கும்படி உள்ளே திருப்புங்கள். ஏர் ஸ்குரூவை மெதுவாக அடிவரை மூடி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்றுத் திறந்து வையுங்கள். வடிகட்டியை மாட்டிய பிறகே எஞ்சினைக் கிளப்பி, பத்து நிமிடம் ஓட்டிச் சூடேற்றுங்கள். பிறகு ஒவ்வொரு பக்கமாக ஏர் ஸ்குரூவைக் கால் சுற்று வீதம் திருப்பி, எஞ்சின் மிக வேகமாகவும் சீராகவும் சுழலும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து ஒரு சிறு அளவு உள்ளே திருப்பி நிறுத்துங்கள். இந்தத் திருகு காற்றை அளப்பதால், உள்ளே திருப்பினால் கலவையில் பெட்ரோல் கூடும். வேகம் ஏறிவிட்டால் இரண்டு ஐடில் திருகுகளையும் சம அளவில் குறையுங்கள். நான் நிமிடத்துக்கு 1,300 சுழற்சி அளவில் வைத்திருக்கிறேன். இரண்டு சைலன்சர்களுக்கும் பின்னால் உள்ளங்கைகளைக் காட்டினால், புகையின் தட்டல் இருபுறமும் ஒரே வலுவில் வருகிறதா என்பது புரியும்.

நீடிலையும் மெயின் ஜெட்டையும் இதற்குப் பிறகே தொடுங்கள். 30.5 குதிரைத்திறனுள்ள எச்டி (ஹை டார்க்) வகைக்கும் 27 குதிரைத்திறனுள்ள எல்டி (லோ டார்க்) வகைக்கும் அமைப்பு வேறுபடுவதால், நண்பரின் வண்டியிலுள்ள ஜெட் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பின்குறிப்பு: இதைப் படித்துச் செய்துபார்த்த சிலர், ஹேண்டில்பாரைத் திருப்பினால் ஐடிலிங் ஏறுகிறது என்று எழுதியிருந்தார்கள். கேபிள் எங்கோ இறுகுகிறது என்று அதற்கு அர்த்தம். பெட்ரோல் டேங்க்கின் அடியில் அது நசுங்காமல் போகிறதா என்று பார்த்து, ஆக்சிலேட்டர் பிடியில் சிறிது தளர்ச்சி விடுங்கள். இன்னொருவருக்கு என்ன செய்தும் ஐடிலிங் நிற்காமல் ஏறி இறங்கியது. இன்டேக் ரப்பரைச் சுற்றிக் கார்புரேட்டர் கிளீனரைத் தெளித்தபோது சுழற்சி மாறியது. வெடிப்பு அங்கேதான் இருந்தது. எஞ்சின் சூடாக ஓடும்போது அந்தத் திரவம் எளிதில் தீப்பற்றும் என்பதால், சிறிதளவே தெளியுங்கள், சைலன்சர் குழாயின் மேல் படவிடாதீர்கள். எத்தனால் 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை விரைவில் கெடுப்பதோடு, அதே ஜெட்டில் கலவையை மெலியவும் வைக்கிறது. ஆகவே இப்போது நான் மெயின் ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்கி, ஒவ்வொரு நீண்ட பயணத்துக்குப் பிறகும் இரண்டு பிளக்குகளையும் அருகருகே வைத்து நிறம் பார்க்கிறேன்.