சம்பா அறுத்த வயலில் எள் போட்டு, நல்லெண்ணெய் ஆட்டுவது வரை

கணவனும் மனைவியுமாக இரண்டு பேர் பார்த்துக்கொள்ள ஒரு மா, அதாவது 33 சென்ட் எள் சரியான அளவு. முதல் தடவை அதற்கு மேல் போட வேண்டாம். எண்ணெயின் மணம் செக்கில்தான் வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பாதிக்கு மேல் வயலிலும் களத்திலுமே முடிவாகிவிடுகிறது.

விதைப்பு

நம் காவிரி டெல்டாவுக்குத் தண்ணீர் தரும் மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடிவிடுவார்கள். அதன் பிறகு வயலில் இருக்கும் ஈரமும் போர்வெல் தண்ணீரும்தான். சம்பா அறுத்ததும் மாசிக்குள் விதைத்துவிடுங்கள். தள்ளிப்போனால் அறுவடை நேரத்தில் கோடை மழையில் மாட்டும்.

நம் களிமண்ணில் கட்டி உடைய உழுவதுதான் பெரிய வேலை. கட்டிக்கு அடியில் போன எள் முளைக்காது. ஒரு மாவுக்கு 700 கிராம் விதை போதும். கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (வேர் அழுகலைத் தடுக்கும் நன்மை செய்யும் பூஞ்சைத் தூள்) கலந்து, நான்கு பங்கு காய்ந்த மணலோடு சேர்த்து, நெடுக்கில் பாதி, குறுக்கில் பாதி தூவுங்கள். தண்ணீர் வடிய வாய்க்கால் எடுக்காமல் விதைக்கவே கூடாது. ஒரு நாள் தண்ணீர் தேங்கினாலும் வேர் அழுகும்.

15-ம் நாள் செடிக்குச் செடி அரை அடி, 30-ம் நாள் ஓரடி இருக்கும்படி நெருக்கமான செடிகளைப் பிடுங்கிக் கலைத்துவிடுங்கள். பிடுங்க மனசு வராமல் விட்டால் செடி ஒல்லியாக உயர்ந்து, கிளையும் இல்லாமல் காயும் இல்லாமல் நிற்கும். பூ வர வேண்டிய இடத்தில் பச்சை இலைக்கொத்து வந்தால் பூவிலை நோய். தத்துப்பூச்சி பரப்புவது, அந்தச் செடி தேறாது, பிடுங்கி எரித்துவிடுங்கள்.

அறுவடை

விஆர்ஐ 1 போன்ற குறுகிய கால ரகம் சுமார் 75 நாளில் வந்துவிடும். நாளை மட்டும் நம்பாதீர்கள். அடியிலைகள் கொட்டி, காய் பாதித் தண்டு வரை மஞ்சளானதும், அடியிலிருந்து 10-வது காயைப் பிளந்து பாருங்கள். உள்ளே விதை நிறம் ஏறியிருந்தால் அன்றைக்கே அறுக்கலாம். தாமதித்தால் காய் வெடித்து எள் மண்ணோடு போகும்.

களத்தில் நுனி உள்ளே, அடித்தண்டு வெளியே இருக்கும்படி வட்டமாக அடுக்கி, மேலே வைக்கோல் போட்டு மூடுங்கள். உள்ளே சூடேறி இலை உதிரும், காய் ஒன்றுபோல் பழுக்கும். மூன்று நாளில் பிரித்து வெயிலில் காயவைத்து உதறினால் முக்கால்வாசி எள் முதல் நாளே கொட்டிவிடும். மழை நனைத்த எள் போரை அப்படியே விட்டால் பூசணம் பிடிக்கும். அந்த வாடை எண்ணெய் வரை போகும்.

ஆட்டுவது

எள்ளைச் சலித்து, புடைத்து, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவையுங்கள். பல்லில் வைத்தால் நறுக்கென்று உடைய வேண்டும். நசுங்கினால் இன்னும் காயவில்லை.

10 கிலோ எள்ளுக்கு அரை முதல் முக்கால் கிலோ பனங்கருப்பட்டி. முதலில் செக்கில் எள்ளை மட்டும் ஓட்டி மாவாக்குங்கள். பிறகு தட்டிய கருப்பட்டியைப் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரைக் கையால் தெளித்துத் தெளித்து விடுங்கள். இந்தத் தண்ணீரில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். குறைந்தால் மாவு சேராமல் உதிரியாகச் சுற்றும், எண்ணெய் பிண்ணாக்கிலேயே தங்கும். கூடினால் மொத்தமும் களியாகி எண்ணெய் பிரியாது. மாவு உலக்கையைச் சுற்றி ஒட்டித் திரண்டு, ஓரத்தில் மினுமினுப்பு தெரிந்ததும் தண்ணீரை நிறுத்துங்கள். நன்றாக விளைந்த எள்ளில் 10 கிலோவுக்கு 4 கிலோ எண்ணெய் கிடைக்கும். லிட்டர் கணக்கில் 4.3.

வந்த எண்ணெய் கலங்கலாகத்தான் இருக்கும். அகலமான எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி, வெள்ளைத் துணி கட்டி, மூன்று நாள் வெயிலில் வையுங்கள். ஈரம் போகும், மண்டி அடியில் படியும். மேலே தெளிந்ததை மட்டும் இறுத்து, காய்ந்த கண்ணாடி பாட்டிலில் நிரப்புங்கள். மண்டியும் ஈரமும் கலந்தால் சீக்கிரம் காறல் அடிக்கும். செம்பு, பித்தளைப் பாத்திரம் கூடாது. செம்பு பட்டால் எண்ணெய் வேகமாகக் கெடும்.

பிண்ணாக்கை ஆறவைத்து, காய்ந்த பிறகே மூட்டை கட்டுங்கள். எண்ணெயை வெளியில் விற்பதானால், முதல் பாட்டிலுக்கு முன்பே உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, ஆட்டிய தேதியை லேபிளில் போடுங்கள்.