ஹனி கௌராமிக்குத் துணைமீன் தேர்வு

ஹனி கௌராமி கூச்சமான மீன். துணைமீன் தவறினால் செடிக்குள்ளேயே கிடந்து, தீனிக்கு வராமல் மெலியும். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டியில் ஏறக்குறைய 50 லிட்டர் நிற்கும். அதில் ஓர் ஆண், இரண்டு பெண் போதும்.

டைகர் பார்ப் வேண்டவே வேண்டாம். கௌராமியின் வயிற்றடியில் நூல்போல் நீளும் துடுப்புகளைக் கடித்துத் துண்டாக்கும். பீட்டாவும் ட்வார்ஃப் கௌராமியும் ஹனி கௌராமியைப் போலவே மேல்மட்டத்துக்கு வந்து காற்றைக் குடிப்பவை. அந்த இடத்துக்கே சண்டை வரும். கப்பி கடிக்காது, ஆனால் தீனிக்கு முந்திக்கொள்ளும்.

எங்கள் தேர்வு ஹார்லிக்வின் ரஸ்போரா, 8. நாலைந்து மட்டும் விட்டால் அதுவும் மிரளும். கூட்டமாக அமைதியாக நீந்துவதைப் பார்த்துத்தான் கௌராமி துணிந்து வெளியே வரும். அடித்தளத்தில் மேயும் மீனாக கோரிடோராஸ் வேண்டுமென்றால் ஸ்டெர்பாய் வகை வாங்குங்கள். புதுச்சேரி கத்திரி வெயிலில் பாண்டா வகை தாங்காது. வெயில் நாட்களில் ஏர் பம்ப் ஓடட்டும்: கௌராமி மேலே வந்து மூச்சு வாங்கிக்கொள்ளும், ரஸ்போராவால் முடியாது.

போர்வெல் தண்ணீர் உப்புக் கரித்தால் இந்தக் கூட்டணியே சரிவராது. மோலி, கப்பி வளர்க்கலாம்.

முதலில் கௌராமியை விடுங்கள், வேலம்பாசி அடர்த்தியாக இருக்கட்டும். ரஸ்போராவை 2 வாரம் தனித்தொட்டியில் வைத்து, நோயில்லை என்று தெரிந்தபின் விளக்கணைத்துச் சேர்த்துவிடுங்கள். தீனியை இரு மூலைகளில் போடுங்கள்.