சீழ் பிடித்த கணைக்கால் முறிவுக்கு மருந்துச் சீமெந்து பூசிய நெயில் செய்யும் முறை

ஜென்டாமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து பூசிய கணைக்கால் நெயில் (என்பின் நடுவிலுள்ள மச்சைக் குழிக்குள் செலுத்தும் கோல்) ஐரோப்பாவில் ஆயத்தமாகவே கிடைக்கிறது. யாழ்ப்பாணத்தில், மோட்டார் சைக்கிள் விபத்தில் உடைந்த கால் சீழ் பிடித்தால், அதே வேலையை என்புச் சீமெந்தை (தூளும் திரவமும் கலந்ததும் இறுகும் பிளாஸ்டிக்) கொண்டு தியேட்டர் மேசையிலேயே செய்யலாம். இது என்பு முறிவு வைத்தியர்களுக்கும் தியேட்டர் தாதியருக்குமான குறிப்பு.

வேண்டியவை: 40 கிராம் தூளும் 20 மி.லீ. திரவமும் உள்ள சீமெந்துப் பொதி (ஜென்டாமைசின் ஏற்கெனவே கலந்தது நல்லது), வன்கோமைசின் (இன்னொரு கிருமிக்கொல்லி) தூள் 2 கிராம், அச்சாகப் பயன்படுத்த 40 பிரெஞ்சு அளவு நெஞ்சுக் குழாய், 3 மி.மீ. வழிகாட்டிக் கம்பி, சீமெந்துத் துப்பாக்கி, கிருமி நீக்கிய திரவப் பரஃபின். நீளத்தை நல்ல காலின் எக்ஸ்ரேயில் அளந்துகொள்ளுங்கள். குழாயின் உள்விட்டம் ஏறக்குறைய 10 மி.மீ. இருக்கும், கம்பனிக்குக் கம்பனி மாறுவதால் அதையும் அளந்து பாருங்கள். மச்சைக் குழியை அதைவிட 1.5 முதல் 2 மி.மீ. அகலமாக ரீம் செய்ய (குடைந்தெடுக்க) வேண்டும். இல்லாவிட்டால் நெயில் பாதி வழியில் இறுகி, சீமெந்து உரிந்துவிடும்.

ஆழத்திலிருந்து 5 திசு மாதிரிகளை எடுத்த பிறகே கிருமிக்கொல்லி ஊசி மருந்து ஏற்றுங்கள். செத்த என்பை முழுதாக அகற்றுங்கள். அதை விட்டுவைத்தால் எந்தப் பூச்சும் உதவாது.

முதலில் வன்கோமைசின் கட்டிகளை உடைத்துச் சீமெந்துத் தூளோடு உலர்வாகக் கலவுங்கள்; திரவம் அதன் பிறகுதான். மூட்டு மாற்றுச் சிகிச்சையில் வெற்றிடத்தில் கலப்போம். இங்கே கையால் கலப்பதே நல்லது, ஏனென்றால் நுண்துளைகள் கூடினால் மருந்தும் கூட வெளிவரும். ஊசிக்குரிய ஜென்டாமைசின் திரவத்தை ஊற்ற வேண்டாம், சீமெந்து வலுவிழக்கும். றிஃபாம்பிசின் சேர்த்தால் அது ஒழுங்காக இறுகாது. சித்திரை, வைகாசி வெக்கையில் ஏசி சரியாக வேலை செய்யாவிட்டால் கலவை கையிலேயே இறுகிவிடும். பொதியை முன்கூட்டியே குளிரூட்டியில் வையுங்கள்.

குழாயின் உட்புறத்தில் பரஃபின் தடவி, கலவை இளகலாக இருக்கும்போதே துப்பாக்கியால் நிரப்பிக் கம்பியை நடுவே செலுத்துங்கள். மேல் முனையில் 2 முதல் 3 செ.மீ. கம்பி வெளியே நிற்கட்டும். அதைக் கொக்கிபோல வளையுங்கள். சூடு தணிந்து இறுகியதும் குழாயை நீளவாக்கில் கீறி உரியுங்கள். சீமெந்து வெளியிலேயே இறுகுவதால் அதன் சூடு என்பைச் சுடாது. மேற்பரப்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். துருத்தி நிற்கும் மேட்டைச் சீவுங்கள், வெடிப்பு இருந்தால் அந்த நெயிலை எறிந்துவிடுங்கள்.

இனி, என்பு பொருந்துவது. மருந்தைக் கூட்டினால் நன்மையும் கூடும் என்று நினைப்பது பிழை. ஆய்வுகூடத்தில் வளர்த்த கலங்களில் வன்கோமைசின் மி.லீ.க்கு 1,000 மைக்ரோகிராம் வரை என்பாக்கக் கலங்களை அதிகம் பாதிப்பதில்லை. 10,000இல் அவை இறக்கின்றன. ஜென்டாமைசின் இதைவிடக் குறைந்த செறிவிலேயே அவற்றின் வேலையைத் தளர்த்துகிறது. அதனால்தான் பொதிக்கு 2 கிராம் என்கிறோம். 4 கிராமைத் தாண்டினால் கலவை உலர்ந்து உதிரவும் தொடங்கும். வவுனியாப் பக்கத்துக் கமக்காரரிடையே காரணம் தெரியாத சிறுநீரக நோய் உள்ளது; இம்மருந்துகள் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்பதால் கிரியேட்டினின் (சிறுநீரக இயக்கத்தைக் காட்டும் இரத்த அளவு) பார்க்காமல் கலக்காதீர்கள்.

ஆனால் பொருந்தாத முறிவுகளில் நாங்கள் முதலில் சந்தேகிப்பது மருந்தை அல்ல, அசைவைத்தான். 3 மி.மீ. கம்பி சுழற்சியைத் தடுக்காது. என்பு இன்னும் பொருந்தவில்லை என்றால் வெளிச்சட்டகம் (காலுக்கு வெளியே நின்று முறிவைப் பிடிக்கும் சட்டகம்) போடுங்கள், அல்லது கம்பிக்குப் பதிலாக 8 மி.மீ. பூட்டு நெயிலையே (திருகுகளால் என்போடு பூட்டுவது) உள்ளே வைத்துப் பூசுங்கள். அப்போது பூச்சு 1 மி.மீ. தடிப்புத்தான் இருக்கும், திருகுத் துளைகளை இறுகிய பின் துளையிட்டுத் திறக்க வேண்டும். சீமெந்துத் துண்டு முறிவு இடைவெளிக்குள் போகவிடாதீர்கள். ரீமிங் உட்புற இரத்த ஓட்டத்தை ஏற்கெனவே குலைத்திருப்பதால், வெளிப்புற என்புச் சவ்வைத் தேவையில்லாமல் உரிக்கவும் கூடாது.

கம்பி நெயிலை 6 முதல் 8 கிழமைக்குள் கழற்றுங்கள். சீமெந்திலிருந்து வெளிவரக்கூடிய மருந்தில் பெரும்பகுதி தொடக்க நாள்களிலேயே வெளியேறிவிடும், பிறகு எஞ்சுவது கிருமி ஒட்டக்கூடிய ஒரு மேற்பரப்பு மட்டுமே. கழற்றும்போது முறுக்காமல் நேராக இழுங்கள். கம்பி மட்டும் கழன்று சீமெந்து உள்ளே தங்கினால், நீண்ட இடுக்கியாலும் சீமெந்து உளியாலும் துண்டு துண்டாக எடுத்து, குழி வெறுமையானதை எக்ஸ்ரேயில் பார்த்த பிறகே அடுத்த நெயிலைச் செலுத்துங்கள்.