வெள்ளிக்கிழமைக்கு எத்தனை இன்ஜெரா?

எத்தியோப்பியர்களின் புளித்த மாவு அப்பமான இன்ஜெராவுக்குக் கடை தொடங்க நினைப்பவர்கள் என்னிடம் செய்முறையைத்தான் முதலில் கேட்கிறார்கள். செய்முறை யாரிடமும் கிடைக்கும். செவ்வாய்க்கிழமை காலையில் உட்கார்ந்துகொண்டு, வெள்ளிக்கிழமை மதியம் எத்தனை பேர் பசியோடு வருவார்கள் என்று உங்களால் சொல்ல முடியுமா? இன்ஜெராவுக்கான தெஃப் என்ற சிறுதானியத்தின் மாவு புளிக்க மூன்று நாள் வேண்டும். கூட்டத்தைப் பார்த்துவிட்டு மாவு கரைக்கிற கதை இங்கே நடக்காது. மிஞ்சினால் நட்டம், குறைந்தால் அவமானம்.

நான் இதைக் கற்றது எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில். கணவருக்கு அங்கே கல்லூரியில் ஆசிரியர் வேலை. எனக்கோ பகலெல்லாம் சும்மா இருக்க வேண்டிய விசா. பக்கத்து வீட்டு அம்மாள் ஆறு தாழ்ந்த மேசைகளும் முக்காலிகளும் போட்டு ஒரு சாப்பாட்டுக் கடை நடத்தினார். தெருவே அவரை இத்தியே என்று அழைத்தது. நம் ஊரில் அக்கா என்பதுபோல. அவருக்கு மாவு தெரியும், எழுத்து வராது, எனக்கு நேர்மாறு. அப்படித்தான் கணக்கு நோட்டு என் கைக்கு வந்தது.

முதலுக்கு அவர் வங்கிப் பக்கம் போகவில்லை. எகுப் என்று ஒன்று உண்டு. அப்படியே நம் குலுக்கல் சீட்டு. தெருப் பெண்கள் வாரந்தோறும் பணம் போட, குலுக்கலில் பெயர் வந்தவருக்கு மொத்தத் தொகை. இத்தியே தம் முறை வந்தபோது இரண்டு மின்சார மித்தாத் வாங்கினார். மித்தாத் என்பது இன்ஜெரா வார்க்கும் பெரிய வட்டக் கல். குறுக்களவு அறுபது சென்டிமீட்டர் வரை இருக்கும். மின்சாரத்தை அது குடிக்கிற வேகத்துக்கு வீட்டு இணைப்பு தாங்குமா என்று முதலிலேயே மின்பணியாளரிடம் கேட்டுவிடுங்கள். மின்வெட்டுக்காகக் கொல்லைப்புறத்தில் ஒரு விறகு அடுப்பும் இருக்கட்டும்.

தெஃப்பை அறுவடை முடிந்து விலை இறங்குகிற டிசம்பர், ஜனவரியில் குவிண்டால் கணக்கில் வாங்கிவிட வேண்டும். மெர்க்காதோ சந்தையின் தானியப் பகுதிக்கு எஹில் பெரெந்தா என்று பெயர். அங்கே வெள்ளை, சிவப்பு, இரண்டும் கலந்தது என மூட்டை மூட்டையாக அடுக்கியிருப்பார்கள். மிக வெள்ளையான ரகத்துக்கு விலை அதிகம், பெருமையும் அதிகம். கடைக்குக் கலந்த ரகமே போதும் என்பது என் கட்சி. சுவையும் அதில்தான் தூக்கல். ஒரு கிராமில் ஏறக்குறைய 3,000 மணிகள் அடங்கும் அளவுக்குத் தெஃப் பொடியானது, ஆகவே மண் கலந்தால் கண்ணுக்குத் தெரியாது. அரைத்த மாவில் ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்துப் பல்லால் அரையுங்கள். நறநறவென்றால் அந்த மூட்டை வேண்டாம். எங்கள் கடையில் ஒரு கிலோ மாவுக்கு ஐந்திலிருந்து ஆறு இன்ஜெரா வந்தது. உங்கள் கல்லின் அளவுக்கு உங்கள் எண்ணிக்கையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவர் கணக்கை நம்பி மாவு கரைக்காதீர்கள்.

கரைப்பதற்குத் தண்ணீர் போதாது, எர்ஷோ வேண்டும். முந்தைய மாவு புளித்ததும் மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீர்தான் எர்ஷோ. அதை ஊற்றிக் கரைத்து மூடி வைத்தால் மூன்றாம் நாள் மீண்டும் மேலே நீர் நிற்கும், இறுத்துவிட வேண்டும். அடிஸ் கடல் மட்டத்துக்கு 2,300 மீட்டருக்கு மேலே இருக்கிற குளிர் ஊர். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலத்தில் மாவு இன்னும் சோம்பும். அரை நாள் கூடுதலாகக் கணக்கிடுங்கள்.

புதியவர்கள் சறுக்குவது இதற்கு அடுத்த படியில். புளித்த மாவில் பத்தில் ஒரு பங்கை எடுத்துத் தண்ணீர் விட்டுக் கூழாகக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் அதே மாவில் திரும்ப ஊற்றிக் கலக்க வேண்டும். இதற்கு அப்சித் என்று பெயர். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் மாவு செத்துவிடும். அதைச் செய்து பார்த்தவள் நான். ஒன்றிரண்டு மணி நேரத்தில் மாவு பொங்கி எழும். அப்போதே வார்க்க வேண்டும்.

தோசை வார்த்த கை இங்கே உதவாது. நாம் நடுவில் ஊற்றி வெளியே இழுப்போம். இன்ஜெராவை ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவில் கொண்டுவந்து முடிக்கிறார்கள். கரண்டி மாவைத் தொடவே கூடாது. கல்லில் எண்ணெய் கிடையாது. கடுகு இனத்து விதையின் பொடியைத் துணியில் எடுத்துத் துடைத்தால் போதும். சில நொடிகளில் மேல்பரப்பு முழுக்கப் பொத்தல் விடும். அவற்றை 'அய்ன்' என்கிறார்கள், கண் என்று பொருள். கண் திறந்ததும் மூடிவிட வேண்டும். இரண்டு மூன்று நிமிடத்தில் ஓரம் தானே எழும்பும். வைக்கோல் முறத்தை அடியில் செருகி எடுக்கலாம். திருப்பிப் போடக் கூடாது. சூட்டோடு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒட்டிக்கொள்ளும், ஆறவிட்டு அடுக்குங்கள். ஒரு கல்லில் மணிக்கு இருபது வந்தால் நல்ல கை.

இப்போது எண்ணிக்கைக்கு வருவோம். எங்கள் கடைக்குச் சாதாரண நாளில் அறுபது போதும், வெள்ளிக்கிழமை நூறு வேண்டும். காரணம் விரதம். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதனும் வெள்ளியும் இறைச்சி, பால், முட்டை, வெண்ணெய் தொட மாட்டார்கள். ஃபாசிகாவுக்கு, அதாவது ஈஸ்டருக்கு, முந்தைய 55 நாளும் அப்படியே. அந்த நாட்களில் பெயாய்நெத்து என்ற கலவைத் தட்டுதான் ஓடும்: ஒரு பெரிய இன்ஜெராவின் மேல் மைசூர்ப் பருப்புக் குழம்பு, மஞ்சள் போட்ட பட்டாணிப் பருப்பு, கீரை, முட்டைக்கோஸ், பீட்ரூட், நடுவில் ஷிரோ. ஷிரோ என்பது கொண்டைக்கடலையையும் பட்டாணியையும் மசாலாவோடு அரைத்த மாவில் காய்ச்சும் குழம்பு. செலவு குறைவு, சின்ன மண்சட்டியில் கொதிக்கக் கொதிக்க வைத்தால் மரியாதை அதிகம். கடையின் லாபம் பாதி அதில்தான்.

என் யோசனை: முதல் வருடம் இறைச்சியே வேண்டாம். அந்த நாட்டில் கிறிஸ்தவர் அறுத்த இறைச்சியை முஸ்லிம்கள் உண்பதில்லை, முஸ்லிம்கள் அறுத்ததைக் கிறிஸ்தவர்களும் உண்பதில்லை. பெயாய்நெத்து இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைக்கும். குளிர்பெட்டிச் செலவும் மிச்சம். ஆனால் பாத்திரம் சுத்தமாக இருக்க வேண்டும். வெண்ணெய் பட்ட கரண்டியை விரதக் குழம்பில் விட்டீர்கள் என்று ஒருவர் கண்டால் போதும், தெரு முழுக்கத் தெரிந்துவிடும்.

குழம்புக்கு உயிர் பெர்பெரெ. காய்ந்த மிளகாய், பூண்டு, இஞ்சி, வெந்தயம், ஓமம், கருஞ்சீரகம், கொரரிமா என்னும் அந்நாட்டு ஏலம். மழை ஓய்ந்த பின் வெயிலில் காயவைத்து ஒரு வருடத்துக்கு அரைத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைப்பொடியில் நிறம் இருக்கும், வாசம் இருக்காது.

என் முதல் பெரிய பிழை ஃபாசிகா முடிந்த வாரத்தில் நடந்தது. வெள்ளிக்கிழமை என்றால் நூறு என்று நோட்டில் இருந்ததைப் பார்த்து நானே சொல்லிவிட்டேன். ஃபாசிகாவுக்குப் பிறகு 50 நாள் புதன், வெள்ளி விரதம் கிடையாது என்பது எனக்குத் தெரியாது. 55 நாள் காத்திருந்தவர்கள் கோழிக்குழம்பைத் தேடிப் போய்விட்டார்கள். அறுபது இன்ஜெரா மிஞ்சியது. இத்தியே திட்டவில்லை. இருபதை மறுநாள் காலை பிய்த்துப் போட்டு, வெங்காயமும் பெர்பெரெயும் சேர்த்து ஃபிர்ஃபிர் கிளறினார். அதுதான் அங்கே காலை உணவு. மீதியைத் துண்டுதுண்டாகப் பிய்த்துத் தகரக் கூரையில் காயவைத்தார். திர்கோஷ் என்ற அந்த வற்றல் மாதக்கணக்கில் கெடாது. பயணம் போகிறவர்கள் வாங்கிப்போவார்கள். ஆக, பழைய இன்ஜெராவுக்கு முன்கூட்டியே வழி வைத்திருங்கள்.

இரண்டாவது பிழை கடிகாரத்தில். அங்கே மணிக்கணக்கு விடியலில் தொடங்குகிறது. நம் காலை 7 மணி அவர்களுக்கு 1 மணி. இதிர் என்ற சாவுச் செலவுச் சங்கத்திலிருந்து ஒருவர் வந்து, ஆறு மணிக்கு எண்பது வேண்டும் என்றார். மாலை என்று எழுதிவைத்தேன். நண்பகல் 12 மணிக்கு இரண்டு பேர் கூடையோடு வாசலில் நின்றார்கள். துக்க வீட்டுக்கு இல்லை என்று சொல்ல முடியுமா? அன்றைய மதியச் சாப்பாட்டு இன்ஜெரா முழுவதும் கூடையில் ஏறியது, குறைந்ததை அடுத்தடுத்த வீடுகளில் கடன் வாங்கினோம். வாடிக்கையாளர்கள் ஷிரோவை ரொட்டியில் தொட்டுத் தின்றார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு ஆர்டருக்கும் நேரத்தின் பக்கத்தில் ஒரு சூரியனோ நிலாவோ வரைந்தேன்.

உபசரிப்பை அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள். வந்தவர் உட்கார்ந்ததும் செம்பும் தட்டுமாகப் போய்க் கையில் தண்ணீர் ஊற்றுங்கள். தனியாக வந்தவரைப் பார்த்து, சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களே 'எனெப்லா' என்பார்கள். 'சாப்பிடலாம் வாருங்கள்' என்று பொருள். இடம் ஒதுக்கி அவரையும் அதே தட்டில் சேர்த்துவிடுங்கள். நால்வர் தனித்தனியாக உண்டால் எட்டு இன்ஜெரா, ஒரே தட்டில் உண்டால் ஆறு. ஒருவருக்கொருவர் கவளம் ஊட்டிக்கொள்வார்கள். அதற்குக் குர்ஷா என்று பெயர். உங்களுக்கும் நீட்டினால் வாயைத் திறங்கள். ஒன்றோடு நிறுத்தினால் சண்டை வரும் என்பது அவர்கள் நம்பிக்கை.

காப்பியை அவசரப்படுத்தாதீர்கள். பச்சைக் கொட்டையைக் கழுவி அவர்கள் கண்முன்னே வறுத்து, புகையை ஒவ்வொருவர் மூக்கருகிலும் கொண்டுபோங்கள். ஜெபெனா என்ற மண்கூஜாவில் கொதித்ததைக் காதில்லாத சின்னக் கோப்பையில் மூன்று முறை ஊற்ற வேண்டும்: அபோல், தோனா, பெரெக்கா. அதே தூளில் தண்ணீர் சேர்ப்பதால் மூன்றாவது நீர்த்துத்தான் இருக்கும். இத்தியே முதல் கோப்பைக்கு மட்டுமே காசு வாங்கினார். மூன்றுக்கும் வாங்கலாமே என்று நோட்டைக் காட்டிக் கேட்டேன். "பேசாமல் உட்கார்ந்து கேள்" என்றார். இரண்டாம் கோப்பையில் ஒருவர் மகளுக்கு நிச்சயம் என்றார். மூன்றாவதில் பட்டறைக்காரர் வெள்ளிக்கிழமை தம் ஆட்களோடு ஊருக்குப் போவதாகச் சொன்னார். இத்தியே என்னைப் பார்த்தார். நூறை அடித்து எண்பத்தெட்டு என்று எழுதினேன்.

கடையைப் பூட்டுமுன் ஒரு வேலை. அன்றைய எர்ஷோவில் ஒரு போத்தல் எடுத்துத் தனியே வையுங்கள். பண்டிகைக்கு நாலைந்து நாள் மூடுவதானால் அதைப் பக்கத்து வீட்டில் கொடுத்து, அவர்கள் மாவில் ஊற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் அவர்களிடமே ஒரு போத்தல் கேட்டு வாங்கிச் செவ்வாய்க்கிழமை மாவைக் கரைக்கலாம்.