மலை வீட்டுச் சுவருக்குக் கதகதப்பான டோப் நிறம்: தொடக்கநிலையாளர்களுக்கான செய்முறை விளக்கம்

உதகை, குன்னூர், கோத்தகிரி வீடுகளில் தூய வெள்ளை பூசிய அறை, பனிமூட்டம் இறங்கும் நாட்களில் வெளிறித் தெரியும். பழுப்பும் சாம்பலும் கலந்து, சற்றே செம்மை ஓடும் டோப் (taupe) நிறம் அதே அறைக்குக் கதகதப்பைத் தரும். ஆனால் இங்கே நிறத்தைவிடச் சுவரின் ஈரத்தைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

இரண்டு பருவமழைகளும் ஓய்ந்து, இரவுக் குளிரும் தணிந்திருக்கும் பிப்ரவரி இறுதி முதல் ஏப்ரல் வரையிலான காலமே வேலைக்கு ஏற்றது. உறைபனி விழும் ஜனவரியில் மழை இல்லாவிட்டாலும், 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே எமல்ஷன் எனப்படும் நீர் சார்ந்த பெயின்ட் சரியாகப் பிடிக்காது என்பதால் அவசரப்பட வேண்டாம்.

முதலில், ஓர் அடிச் சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் உட்புறம் நீர்த்துளிகள் பூத்திருந்தால் சுவருக்குள் ஓதம் இருக்கிறது. கூரைக் கசிவையோ வெளிச்சுவர் விரிசலையோ சரிசெய்யாமல் மேலே பூசுவது வீண்செலவு.

அடுத்து, கருத்த பூஞ்சைத் திட்டுகளின் மீது ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்தை மூன்று பங்கு தண்ணீரில் கலந்து தடவி, கால் மணி நேரம் கழித்துக் கழுவிக் காயவிடுங்கள். கையுறை அணிந்து, ஜன்னல்களைத் திறந்து வைத்துச் செய்ய வேண்டும். வேறு எந்தக் கழுவு திரவத்தையும் இதனுடன் கலக்கவே கூடாது. உள்ளங்கையால் சுவரைத் தேய்த்தால் வெள்ளைப் பொடி ஒட்டுகிறதா? அப்படியானால் பழைய சுண்ணாம்பை முழுவதும் சுரண்டியாக வேண்டும்.

நிறத் தேர்வில் பொறுமை வேண்டும். மூடுபனி வழியே வரும் ஒளியிலும் வடக்கு ஜன்னல் ஒளியிலும் நீலச்சாயல் மிகுந்திருப்பதால், கடையின் ஷேட் கார்டில் இதமாகத் தெரிந்த டோப், வீட்டில் ஊதா கலந்த சாம்பலாக மாறிவிடக்கூடும். ஆகவே சிறிய டப்பா வாங்கி, ஜன்னலுக்கு எதிர்ச்சுவரிலும் பக்கச்சுவரிலும் இரண்டடிச் சதுரமாக இரண்டு கோட் பூசி, நன்கு காய்ந்த பிறகு வெயிலிலும் மூடுபனியிலும் இரவு விளக்கொளியிலும் பாருங்கள். ஐயம் எழுந்தால், பழுப்புச் சாயல் சற்றுக் கூடிய ஷேடையே தேர்ந்தெடுங்கள். இரவு விளக்குக்கு, 2,700 முதல் 3,000 கெல்வின் என்று குறித்த, மஞ்சள் சாயல் ஒளி தரும் பல்புகள் பொருந்தும். வெள்ளொளி பல்பு இந்த நிறத்தைக் கெடுத்துவிடும்.

பிறகு பட்டியால் பள்ளங்களை நிரப்பி, உப்புத்தாளால் தேய்த்து, தூசியைத் துடைத்து, அடிப்பூச்சான பிரைமர் ஒரு கோட், எமல்ஷன் இரண்டு கோட் பூசலாம். காலை பத்து மணிக்குத் தொடங்கிப் பிற்பகல் மூன்றுக்குள் முடித்தால், பனி இறங்கும் முன் மேற்பரப்பு உலரும். டப்பாவில் நான்கு மணி நேர இடைவெளி என்றிருந்தாலும், மறுகோட்டை மறுநாளே பூசுங்கள்.

மேற்கூரைக்குப் பாலாடை வெள்ளை போதும். தேக்கு, ஈட்டி மரச் சாமான்கள் இந்தச் சுவரின் முன் எடுப்பாக நிற்கும். தோடர் பெண்கள் வெளிர்த் துணியில் சிவப்பும் கறுப்புமாகத் தைக்கும் பூவேலைக்கு, இதைவிடப் பொருத்தமான பின்னணி நிறம் எனக்குத் தெரிந்து இல்லை.

மீந்த பெயின்ட்டைச் சிறு டப்பாவில் காற்றுப் புகாமல் மூடி, ஷேட் எண்ணை அதன்மேல் எழுதி வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஜன்னல் ஓரங்களைத் திருத்த அது தேவைப்படும்.